அண்ணாவின் கொடுவாக் கூடுகள்

அண்ணா எனக்குத் தொலைபேசி எடுத்தால் அது பெரும்பாலும் குறை சொல்வதற்காகத்தான் இருக்கும். அன்று காலை அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை.

"மீன் சுத்துது," என்றார். "கறுத்துப் போய்ச் சுத்துது. வயிறு மேல தெரியுது. நீ மீன் படிச்சனீதானே, வந்து பார்."

நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கமாக உள்ள ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் உதவி ஆய்வாளராக இருக்கிறேன். கொடுவா மீனின் மூளையிலிருந்து எடுத்த உயிர்க்கலங்களைத் தட்டையான பிளாஸ்டிக் போத்தல்களில் வளர்ப்பது என் வேலை. வளர்ந்தபின் அவற்றுக்கு வைரஸைக் கொடுத்து, என்ன நடக்கிறதென்று பார்ப்போம். மீனின் கலங்கள் மனிதக் கலங்களைப்போல நோஞ்சானில்லை. எங்கள் ஊர் வெக்கையே அவற்றுக்குப் போதும். மின்வெட்டுக் காலத்தில் மற்ற ஆய்வுகூடங்களில் கலங்கள் எல்லாம் செத்துப்போனபோது எங்கள் போத்தல்கள் மேசையிலேயே பிழைத்துக் கிடந்தன.

அண்ணாவுக்கு இந்த வேலை என்றைக்கும் பிடித்ததில்லை. போருக்குப் பயந்து சம்பூரிலிருந்து நாங்கள் ஓடியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. முகாம்களில் கிடந்து அலுத்தபின் அம்மாவும் அப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை. மீள்குடியேற்றம் என்றதும் அண்ணா திரும்பிப் போனார். நான் திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதை அவர் மன்னிக்கவில்லை. ஆட்கள் கூடியிருக்கிற இடத்தில் என்னைக் காட்டி, "கலியாணமும் கட்டேல்லை, காணியும் பாக்கேல்லை, மீன்ர மூளையை நோண்டிக்கொண்டு திரியிறாள்," என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பவர்களும் இருந்தார்கள்.

அன்று கிண்ணியா வழியாக மூதூர் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்துக் கடலோடு சேர்ந்த களப்பின் கரைக்குப் போனேன். அண்ணாவின் கூடுகள் நான்கு. மரச்சட்டம், அதைத் தாங்கப் பிளாஸ்டிக் பீப்பாய்கள், கீழே வலை. பக்கத்தில் மூதூர்க்காரர் ஒருவருடைய கூடுகள். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அண்ணா அவரை நானா என்று கூப்பிடுவார், நானும் அப்படித்தான்; அவர் அண்ணாவைக் காக்கா என்பார். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தீன் கொண்டுபோய்ப் போடுவார்கள். குஞ்சுகளையும் ஒரே ஆளிடம்தான் வாங்கியிருந்தார்கள்.

வள்ளத்தில் ஏறிக் கிட்டப் போக முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. விரல் நீளக் குஞ்சுகள், கரிபிடித்தாற்போலக் கறுத்து, திருகாணி சுழல்வதுபோல் சுழன்றுகொண்டு கீழே போயின. பிறகு வயிறு ஊதி மேலே வந்தன. மேலே வந்தவற்றைக் கொக்குகள் சட்டத்தில் நின்றபடியே கொத்தின. கண் தெரியாத மீன்கள் விலகவில்லை. மூளையையும் கண்ணையும் தின்கிற வைரஸ் அது. போத்தலுக்குள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உயிருள்ள மீனில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணா, எல்லாத்தையும் இண்டைக்கே கொல்லோணும்," என்றேன். "அள்ளிக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டிடுங்கோ. வலையையும் காயவிடுங்கோ."

"நல்லா நீந்துறதையுமோ?"

"அதையும்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்லவோ பஸ் ஏறி வந்தனீ? கொல்லுறதுக்குப் படிப்பு என்னத்துக்கு?"

நானா தன் கூட்டுச் சட்டத்தில் குந்தியிருந்து எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி, எண்ட கூட்டுக்கும் வருமா?" என்று கேட்டார்.

"வரும் நானா. ஒரே தண்ணிதானே."

"வாயைக் கழுவடி," என்றார் அண்ணா. பிறகு, "உன்ர சேரைக் கூட்டிக்கொண்டு வா. அவர் சொல்லட்டும். அவர் சொன்னாக் கேக்கிறன்," என்றார்.

சேர் என்பது எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவர். அமைதியான மனிதர், உரத்துப் பேச மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார். அந்த முகத்தில் இருந்தது கவலை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது சந்தோசம்.

அவருடைய சந்தோசத்துக்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாக நாங்கள் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏயின் பின்னால் அலைந்துகொண்டிருந்தோம். மீனின் கலத்துக்குள் இருக்கிற மிகச் சிறிய துண்டு அது. வைரஸ் வந்ததும் கலம் அபாயமணி அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இந்தத் துண்டு பெருகி மணியை அடிக்க விடாமல் செய்கிறது. அதைத் தடுத்துவிட்டால் போத்தலில் இருக்கிற கலங்கள் வைரஸுக்கு அதிக நேரம் தாக்குப்பிடித்தன. அது தெரிந்த அன்று சேர் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். ஆனால் போத்தலில் நடந்தது மீனில் நடக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பார்க்க நோய் வந்த மீன்கள் வேண்டும், நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டும். இத்தனை மீன்களுக்கு நாங்களாக நோயைக் கொடுப்பதற்கு ஒருவரும் அனுமதி தரமாட்டார்கள்.

மறுநாளே சேர் வாகனத்தில் சம்பூருக்கு வந்தார். அண்ணா அவருக்குக் கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, "சேர்" என்று கைகட்டி நின்றார். என் அண்ணா ஒருவருக்குக் கைகட்டி நின்றதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"அவசரப்பட்டுக் கொல்லாதேங்கோ," என்றார் சேர். "எல்லா மீனும் சாகாது. கொஞ்சம் தப்பும். தப்பிறதுகள்தான் எங்களுக்கு முக்கியம். இந்த நோய்க்கு ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் நாங்கள் பாடுபடுறம். உங்கட தங்கச்சியும் அதிலதான் வேலை செய்யிறா."

ஒவ்வொரு வசனமும் உண்மை. அவற்றைச் சேர்த்துக் கேட்ட அண்ணாவுக்கு மருந்து வருகிறது என்று விளங்கியது. அப்படி விளங்கட்டும் என்றுதான் சேர் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது.

திரும்பி வரும்போது வாகனத்தில் சொன்னேன். "சேர், கொல்லாமல் விட்டால் பக்கத்துக் கூட்டுக்கும் போகும்."

"போகலாம்," என்றார், வெளியே பார்த்தபடி. "போனால் எங்களுக்கு ரெண்டாவது இடமும் கிடைக்கும்."

அதற்குப் பிறகு நான் இரண்டு நாளைக்கு ஒரு தடவை சம்பூருக்குப் போனேன். அண்ணாவின் முற்றத்தில், மாமரத்தின் கீழ் ஒரு மேசை போட்டு வேலை செய்தேன். அண்ணி வாளியைப் பிடிப்பாள். சுழல்கிற மீன் சில, சுழலத் தொடங்காத மீன் சில என்று எடுத்து, உயிரோடு தலையை வெட்டி, மண்டையோட்டைக் கத்தரியால் பிளந்து, மூளையைச் சிறு குழாயில் இட்டு மூடுவேன். கொடுவாக் குஞ்சின் மூளை பயற்றம் பருப்பளவு இருக்கும். செத்த மீனில் எடுத்தால் பிரயோசனமில்லை. ஆர்.என்.ஏ அழிந்துவிடும். ஆகவே சாகப்போகிறதாகவும் இருக்க வேண்டும், சாகாததாகவும் இருக்க வேண்டும். அண்ணி முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டாள். "இது இன்னும் துடிக்குது, இதை எடுங்கோ," என்று அவளே தெரிந்தெடுத்துத் தந்தாள்.

அண்ணா படியில் இருந்து பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

"ஏன் இதுகள் எதிர்க்கேல்லை? எங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடம்பு சண்டை பிடிக்குதுதானே."

"மீனும் பிடிக்கும் அண்ணா. வைரஸ் உள்ளுக்கு வந்த உடனே கலம் ஒரு புரதத்தை வெளியில விடும். அது பக்கத்துக் கலங்களுக்கு, ஆள் வந்திட்டான், கதவைப் பூட்டுங்கோ எண்டு சொல்ற மாதிரி."

"பிறகென்ன?"

"அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி கலத்துக்குள்ள ஒரு செய்தி போகோணும். நாங்கள் பாக்கிற அந்தச் சின்னத் துண்டு போய்ச் செய்தியில ஒட்டிக்கொள்ளும். ஒட்டினா புரதம் வராது. வைரஸ் வந்தா அந்தத் துண்டு கூடுது."

"வைரஸோ அதைக் கொண்டு வாறது?"

"இல்லை. அது மீன்ர சொந்தத் துண்டு."

அண்ணா படியிலிருந்து குனிந்து வாளிக்குள் பார்த்தார். "தன்ர ஆளே தன்ர கழுத்தைப் பிடிக்கிறான்," என்றார்.

"எப்பவும் அப்பிடியில்லை. அது ஒரு பிறேக். அது இல்லாட்டி சண்டை நிக்காது. மீன்ர சொந்த உடம்பையே அழிச்சுப்போடும்."

"சரி, அந்தப் பிறேக்கைக் கழட்டுற மருந்தை எப்ப தருவியள்?"

கத்தரியைக் கீழே வைத்தேன். "மருந்து இல்லை அண்ணா. போத்தலுக்குள்ள இருக்கிற கலத்திலதான் செய்தனாங்கள். மீனுக்குக் குடுத்ததே இல்லை. சேர் சொன்னதை நீங்கள் பிழையா விளங்கிட்டியள். இப்பவும் நேரம் இருக்கு. நானாவின்ர கூட்டுக்குப் போக முன்னம் கொல்லுங்கோ."

அவர் எழுந்து என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மேசையில் நான் வெட்டி வைத்த மீன்தலைகளைக் கையால் ஒதுக்கி மண்ணில் தள்ளினார்.

"நான் நல்லா வந்தா உனக்குப் பொறுக்காது," என்றார். "அவ்வளவு பெரிய மனிசன் பொய் சொல்லுவாரோ? உனக்கு எரிச்சல். ஒரு வீடு இல்லை, வாசல் இல்லை, பிள்ளை இல்லை. மற்றவனும் அப்பிடியே நாசமாப் போகோணும் எண்டு நிக்கிறாய்."

எனக்கு முன்னாலேயே சேருக்குத் தொலைபேசி எடுத்தார். "சேர், மருந்தே இல்லை எண்டு என்ர தங்கச்சி சொல்லுறாள்," என்றார். அந்தப் பக்கத்தில் சேர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அண்ணா "ஓம் சேர், ஓம் சேர்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தநாள் சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இருக்கச் சொல்லவில்லை.

"ஆய்வுகூடத்தின்ர விஷயத்தை வெளி ஆக்களோட கதைக்க உமக்கு ஆர் சொன்னது?"

"அவர் என்ர அண்ணா, சேர்."

"எனக்கு அவர் மீன் வளக்கிற ஒராள். நீர் இனிக் கலங்களைத் தொட வேண்டாம். போத்தல் கழுவும். களத்துக்கு மட்டும் வழமைபோலப் போம். அங்க வேற ஆளை அனுப்பினா உம்முடைய அண்ணா மீன் தரமாட்டார்."

நான் மூன்று வருடமாக வளர்த்த கலங்களைப் புதிதாக வந்த ஒரு மாணவியிடம் கொடுத்தார்கள். அவளுக்குக் கை பழகவில்லை. ஒரு கிழமைக்குள் பாதிப் போத்தல்களில் பூஞ்சணம் பிடித்தது. அவற்றையும் நான்தான் கழுவினேன்.

நானாவின் கூட்டிலும் மீன்கள் கறுக்கத் தொடங்கின. அவர் கரையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன செய்யட்டும் தங்கச்சி? உங்கட காக்கா கொல்லாதீங்க எண்டு செல்றாரு. நீங்க உண்மையச் செல்லுங்க."

சொன்னேன். அன்று பின்னேரத்துக்குள் அவரும் மகன்மாரும் வலைகளைத் தூக்கிவிட்டார்கள். நோய் பிடிக்காத மீன்களும் அவற்றுக்குள் கிடந்தன. நல்ல துடியான மீன்கள். சுண்ணாம்பு விழுந்ததும் அவை கிடங்கின் ஓரத்துக்குத் துள்ளின. மகன்மார் மண்வெட்டியால் உள்ளே தள்ளினார்கள். நானா அழுதார். அழுதுகொண்டே, "சரி, போடுங்க, போடுங்க," என்றார். அண்ணா தன் வள்ளத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

அண்ணாவின் கூடுகளில் சாவு மெல்ல மெல்ல ஓய்ந்தது. சேர் சொன்னபடியே கொஞ்ச மீன்கள் தப்பியிருந்தன. ஒரு கூட்டின் அடியில் கூட்டமாக நீந்தின. நிறம் திரும்பியிருந்தது. தீன் போட்டால் மேலே வந்து கௌவின. அண்ணா நானாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியளோ நானா? நீங்கள் இவள்ர கதையைக் கேட்டு எல்லாத்தையும் மண்ணுக்குள்ள போட்டியள். நான் படிச்ச ஆள்ர கதையைக் கேட்டனான்."

நானா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தப்பிய மீனின் உடம்பில் வைரஸ் ஒளித்திருக்கும், அடுத்த குஞ்சுகளுக்கும் அதே கதிதான் என்று. அண்ணாவின் முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லாததை அந்தக் கிழமையே சேர் வந்து சொன்னார். அன்றும் கதிரை போட்டார்கள், அன்றும் இளநீர் வெட்டினார்கள். சேர் குடித்து முடித்துவிட்டு, தப்பிய மீன்கள் அத்தனையும் தனக்கு வேண்டும் என்றார்.

அண்ணாவுக்கு விளங்கவில்லை. "கொஞ்சம் கொண்டு போங்கோ சேர். மிச்சத்தை நான் வளக்கிறன்."

"வளக்க ஏலாது. இதுகளுக்குள்ள வைரஸ் இருக்கு. இதுகளை வைச்சிருந்தா இந்தக் களப்பில இனி ஒருத்தரும் மீன் வளக்க ஏலாது. கொல்லத்தான் வேணும்."

"சேர்தானே கொல்ல வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

"அப்ப வேண்டாம் எண்டனான். இப்ப வேணும்," என்றார் சேர். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீங்களாத் தந்தா நல்லது. இல்லாட்டி நான் அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவிக்கோணும். அவை வந்து கூட்டையும் சேத்துக் கழட்டுவினம்."

அண்ணா தானே வள்ளத்தில் போய் அந்த மீன்களை அள்ளிக்கொண்டு வந்தார். நான் மாமரத்தின் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தலையை வெட்டினேன். பார்வைக்கு அவை சுகமான மீன்கள். கையில் வழுக்கின, வாலால் அடித்தன. சேர் குழாய்களை எண்ணி ஐஸ் பெட்டியில் அடுக்கினார். ஒரு நல்ல மூளை வந்தபோது, "ஆ, வடிவு," என்றார். அண்ணா படியில் இருந்தார்.

சேரின் வாகனம் போனபிறகுதான் அண்ணா எழுந்தார். சேரிடம் சொல்ல முடியாததையெல்லாம் என்னிடம் சொன்னார்.

"நீதான் கொண்டு வந்தனீ. உன்ர சப்பாத்தில, உன்ர பையில. போத்தலுக்குள்ள வளக்கிற நோயை என்ர கூட்டில கொண்டுவந்து ஊத்தினனீ. உங்களுக்கு மீன் தேவைப்பட்டது."

"அண்ணா, நான் வாறதுக்கு முதலே மீன் சுத்தினதுதானே. நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்."

"அதுக்கு முதலும் வந்தனீதானே, பொங்கலுக்கு."

அண்ணி குசினி வாசலில் நின்றாள். அவள் என் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படலையில் வைத்தாள்.

அந்தக் கதை பரவியது. மூதூர்ச் சந்தியில், வள்ளத்துறையில், பஸ்ஸில்கூட ஆட்கள் கதைத்தார்கள். தங்கச்சிக்காரி ஆராய்ச்சி செய்வதற்காக அண்ணன்காரனின் மீனுக்கு நோய் கொடுத்தாளாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிற கதை. ஒருநாள் நானா ஆய்வுகூடத்தின் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வரமாட்டேன் என்றார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. ஊரில இப்பிடிக் கதைக்கிறாங்க. எனக்கு உண்மை தெரியோணும். எண்ட மீன நானே கொன்னு தாட்டன்."

அது நேர்மையான கேள்வி. பதிலும் கண்டுபிடிக்கக்கூடியது. எங்கள் போத்தலில் இருக்கிற வைரஸும் களப்பு மீனில் இருந்த வைரஸும் ஒன்றா என்று மரபணுவை வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சேரிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார். "ஊர்ச் சண்டைக்குள்ள நாங்கள் போகக்கூடாது."

"அது எங்கட வைரஸ் இல்லையெண்டு நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும் சேர்."

"எங்களுடையது இல்லையெண்டு இப்ப எனக்குத் தெரியாதே. தெரியாததை நான் சொல்லமாட்டன். நீர் ஆய்வாளர், உமக்கு இது விளங்கோணும்."

வேறொரு ஆய்வுகூடத்தில் இருந்த என் படிப்புக்காலத் தோழியிடம் கேட்டு, மாதிரிகளை அங்கே வாசித்தோம். இரண்டும் வேறு வேறு. களப்பின் வைரஸ் எங்களுடையது அல்ல. குஞ்சுகளோடு வந்திருக்க வேண்டும். நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "நான் நம்புறன்," என்றார். பிறகு, "ஆனா உங்கட காக்கா நம்பாட்டி ஊர் நம்பாது," என்றார். அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"ஆர் பாத்தது?"

"என்ர தோழியின்ர இடத்தில."

"நீயும் உன்ர தோழியும்," என்றார். அத்தோடு வைத்துவிட்டார். அதன் பிறகு என் இலக்கத்திலிருந்து வந்த அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

ஆய்வு நன்றாக வந்தது. அந்தச் சிறு துண்டு உயிருள்ள மீனின் மூளையிலும் நோயோடு சேர்ந்து ஏறுகிறது. தப்பிய மீன்களில் அது தாழ்ந்தே இருக்கிறது. கருத்தரங்கில் சேர் அதைக் காட்டினார். ஒரு படத்தில் அண்ணாவின் கை, உள்ளங்கையில் சுழன்று களைத்த ஒரு குஞ்சு. நான் எடுத்த படம். நோயின் எல்லாக் கட்டத்திலும் இப்படி வரிசையாக மாதிரிகள் எப்படிக் கிடைத்தன என்று ஒருவர் வியப்போடு கேட்டார். "எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது," என்றார் சேர். சபை சிரித்தது.

பிறகு வைரஸ் கொடுத்த சில தொட்டி மீன்களுக்கு, அந்தத் துண்டை மறிக்கிற தடுப்பானை ஊசியால் ஏற்றிப் பார்த்தோம். அந்த வேலைக்கு என்னைத் திரும்பவும் எடுத்திருந்தார்கள், ஊசி போடக் கை வேண்டும் என்று. பிறேக் கழன்ற மீன்கள் வைரஸைக் குறைத்தன. ஆனால் அவற்றின் மூளை வீங்கியது. தடுப்பான் கொடுக்காத மீன்களைவிட முந்திச் செத்தன. "அளவைக் குறைத்துப் பார்ப்பம்," என்றார் சேர். இன்னும் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணா கூடுகளைக் கழற்றி விற்றுவிட்டார். இப்போது விடியவே திருகோணமலைச் சந்தைக்கு வந்து, ஒரு முதலாளியின் மீன்கடைத் தட்டில் நின்று மீன் வெட்டிக் கொடுக்கிறார். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பாரை மீன் வாங்கப் போனபோது அவருக்கு முன்னால் நின்றேன். மெலிந்திருந்தார். முழங்கை வரை செதிள்.

"அண்ணா," என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். "என்ன வேணும் அக்கா?" என்று அவளிடம் கேட்டார். அவளுக்கு நிறுத்தார், வெட்டினார், கட்டிக் கொடுத்தார். அடுத்து வந்த கிழவருக்கும் கொடுத்தார். நான் விலகாமல் நின்றேன். முதலாளி, "இந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமாம், கேள்," என்றார்.

"அவவுக்குக் குடுக்க ஏலாது," என்றார் அண்ணா. "மீனைச் சாக்காட்டுற ஆள்."

தட்டைச் சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் அடுத்த தட்டில் கொஞ்சம் சூடை மீன் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அறைக்கு வந்து துப்புரவாக்கி, புளி விட்டுச் சமைத்தேன். பசியாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.